போத்தலை வெறுத்த சற்குணம்

போத்தல் கழுவுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் சற்குணத்துக்குக் காலைச் சாப்பாடு இறங்காது. லண்டன் மோர்டனில் உள்ள தன் வீட்டுப் பின்வளவில் இரண்டு வாளி சுடுதண்ணீரும் நீளக் காம்பு வைத்த பிரஷும் எடுத்துக்கொண்டு உட்காருவார். ஒவ்வொரு போத்தலையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். பார்த்ததும் "சீ" என்பார். ஒன்றில் சிகரெட் கட்டைகள் ஊறி மண்ணிறச் சாறாகிக் கிடக்கும். ஒன்றில் பச்சைப் பூஞ்சணம் மயிர் முளைத்து நிற்கும். இன்னொன்றில் யாரோ தின்று முடிக்காத மட்டன் ரோல்ஸைத் திணித்து வைத்திருப்பார்கள். ஒருமுறை ஓடில்லாத நத்தை ஒன்று, நன்றாகக் குடித்துக் கொழுத்து, கழுத்து வழியே வெளியே வரமுடியாமல் உள்ளேயே செத்துக் கிடந்தது. அன்று மத்தியானமும் அவர் சாப்பிடவில்லை.

அவை அவருடைய பியரைக் குடித்த நண்பர்கள் திருப்பி அனுப்பிய போத்தல்கள். வீட்டிலேயே பியர் செய்து, போத்தலில் அடைத்து, வேண்டியவர்களுக்குக் கொடுப்பது சற்குணத்தின் பொழுதுபோக்கு. காசுக்கு விற்பதில்லை. குடித்து முடித்ததும் போத்தலை ஒருதரம் அலசித் தந்தால் போதும், மனிதர் வேறொன்றும் கேட்கவில்லை. ஆனால் நம்முடைய ஆட்களுக்கு வெறும் போத்தலைக் கண்டால் கை சும்மா இராது, அதற்குள் எதையாவது போட்டால்தான் நித்திரை வரும்.

சுத்தம் அவரைப் பிடித்தது ஜெர்மனியில். இளம் வயதில் அகதியாகப் போய் இறங்கியவருக்கு ஒரு சின்ன நகரத்துப் பியர் மண்டபத்தில் கிளாஸ் கழுவுகிற வேலை கிடைத்தது. சில வருடங்களில் நிலவறைக்கும் அங்கிருந்த பீப்பாய்களுக்கும் குழாய்களுக்கும் அவரே பொறுப்பு. குழாயில் ஒரு சொட்டு அழுக்கு நின்றாலும் பியர் புளித்துவிடும் என்பதை அங்கே படித்தார், படித்ததை வாழ்க்கை முழுவதற்கும் வைத்துக்கொண்டார். பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக லண்டனுக்கு வந்தபிறகு தமிழ்க் கடைகளின் குளிர்ப்பெட்டிகளைத் திருத்துகிற தொழில். மீன்கடைப் பெட்டியின் அடித்தட்டைக் கழற்றும்போது என்ன வாடை வரும், என்னென்ன நெளியும் என்று சாப்பாட்டு மேசையில் விவரிப்பார். பிள்ளைகள் இரண்டும் படித்து வேறு ஊர்களுக்குப் போனதற்கு வேலை மட்டுந்தான் காரணமா என்று அவருடைய மனைவி ஜெயகௌரிக்கு இன்றும் சந்தேகம்.

அழுக்குக்கு அடுத்தபடி சற்குணத்துக்கு ஓங்கரிப்பது குடிவெறிகாரரைக் கண்டால்தான். அவர் சனிக்கிழமை பின்னேரம் ஒரு கிளாஸ் குடிப்பார். இரண்டாவதை ஊற்றினால் பாதியில் வைத்துவிடுவார். பியர் ருசிக்காகக் குடிப்பது, விழுந்து கிடப்பதற்காகக் குடிப்பவன் மனிதனே இல்லை என்பது அவருடைய கட்சி.

அப்படிப்பட்டவரின் வீட்டுக்குத்தான் சென்ற பங்குனியில் ரதீசன் வந்து சேர்ந்தான்.

ரதீசன் ஜெயகௌரியின் ஒரே தம்பி. கொவென்ட்ரியில் பெற்றோல் நிலையத்தில் வேலை பார்த்தவன். குடியால் முதலில் வேலை போனது, பிறகு பெண்சாதி போனாள், கடைசியில் ஈரலும் போகப் பார்த்தது. வயிறு ஊதி, கண்ணும் தோலும் மஞ்சளாகி ஆஸ்பத்திரியில் கிடந்தவனை டாக்டர்கள் இழுத்துப் பிடித்தார்கள். இனிமேல் குடித்தால் அடுத்த தடவை தங்களால் ஒன்றும் செய்ய ஏலாது என்று ஜெயகௌரியிடம் மறைக்காமல் சொன்னார்கள். அவள் அவனைக் கையோடு கூட்டிவந்து மாடியில் இருந்த சின்ன அறையைக் கொடுத்தாள். அவனுடைய பாங்க் கார்ட்டை அவனே அக்காவிடம் நீட்டினான். மோர்டன் கடைக்காரர் எல்லோரிடமும் ஜெயகௌரி நேரே போய்ச் சொல்லிவிட்டாள். அந்தத் தெருவில் அவனுக்கு ஒரு கான் பியரும் கிடைக்காது.

மிஞ்சி இருந்தது பின்வளவு ஷெட்டில் சற்குணம் அடுக்கி வைத்திருந்த போத்தல்கள். எல்லாவற்றையும் கொட்டச் சொல்லித்தான் அவள் முதலில் கேட்டாள். "ஒருத்தன் குடிச்சு அழிஞ்சதுக்கு நான் ஏன் தண்டனை அனுபவிக்க வேணும்?" என்று சற்குணம் முகத்தைத் தூக்கினார். கடைசியில் ஒரு சமாதானம் வந்தது. போத்தல்கள் சுவர்த்தட்டில் வரிசையாக நிற்கும். ஜெயகௌரி காலையும் மாலையும் எட்டிப் பார்ப்பாள். ஒன்றை எடுத்தாலும் பல்லு விழுந்த வாய் மாதிரி வரிசை காட்டிக் கொடுத்துவிடும். ஒன்றும் குறையவில்லை. ரதீசன் சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு, ஞாயிறுகளில் அத்தானோடு உட்கார்ந்து போத்தலும் கழுவினான். அவன் அருவருப்பில்லாமல் கையை விட்டுக் கழுவுவதைப் பார்க்கவே சற்குணத்துக்குக் குமட்டும்.

ஆவணியில் ஆனந்தராஜா வீட்டுக் கொண்டாட்டம் வந்தது. சற்குணத்தின் பழைய சிநேகிதர் அவர். பேரப்பிள்ளையின் முதலாம் பிறந்தநாளுக்குக் கோலியர்ஸ் வுட்டில் மண்டபம் எடுத்திருந்தார். வழக்கம்போல பெண்கள் உள்ளே, ஆண்கள் கார் நிறுத்துமிடத்தில், திறந்த டிக்கியைச் சுற்றி. சற்குணம் ஒரு பெட்டி போத்தல் கொண்டுபோயிருந்தார். போத்தலுக்குள்ளேயே நொதித்த பியரில் அடியில் மெல்லிய மண்டி படிந்திருக்கும். அசைக்காமல், சரித்து, மெதுவாக ஊற்றி, அடியில் கொஞ்சத்தைப் போத்தலிலேயே விட்டுவிட வேண்டும். இதை அவர் சொல்லி முடிப்பதற்குள் ஆனந்தராஜா ஒரு போத்தலைத் தூக்கிக் கள்ளுப் போத்தலைக் குலுக்குவதுபோல் மேலும் கீழும் நாலு குலுக்குக் குலுக்கினார்.

"மண்டியிலதான் அண்ணை சத்து இருக்கு" என்றபடி மூடியைத் திறந்தார்.

பியர் பீறிட்டு அவருடைய பட்டுச் சேர்ட்டிலும், அந்த வழியாகப் போன ஒரு சம்பந்தி அம்மாளின் சேலையிலும் அடித்தது. துடைத்த கை காயுமுன், போத்தலில் மிஞ்சிய சேற்றை எல்லோரும் பங்கிட்டுக் குடித்தார்கள். அடுத்த போத்தலையும் குலுக்கினார்கள். மறுநாள் எல்லோருக்கும் வயிற்றுப் பொருமல். சற்குணம் அண்ணையின் பியர் வயிற்றுக்குக் கூடாது என்ற பேச்சு, அவர் வேலை செய்யப் போன கடை வரைக்கும் வந்து சேர்ந்தது.

அதோடு அவருக்குப் போத்தல் வெறுத்துப்போயிற்று. கெக் என்கிற சின்னப் பியர் பீப்பாய் ஒன்று வாங்கினார். இடுப்பளவில் பாதி உயரம், கறுப்புப் பிளாஸ்டிக், கீழே ஒரு குழாய், மேலே அகலமான திருகுமூடி, அந்த மூடியின் நடுவில் விரலளவுக் கேஸ் குப்பியைச் செருக ஒரு வால்வு. உள்ளே கேஸ் அழுத்தம் இருக்கும்வரை குழாயைத் திறந்தால் பியர் தானாக வரும். அழுத்தம் குறைந்தால் இன்னொரு குப்பி ஏற்றலாம். மண்டி அடியிலேயே கிடக்கும், ஒருவராலும் குலுக்க முடியாது. எல்லாவற்றையும்விட, கழுவுவதற்கு ஒரே ஒரு பாத்திரம். எவனுடைய எச்சிலும் எவனுடைய சிகரெட்டும் அதற்குள் போகாது. சற்குணம் அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

ஜெயகௌரி ஷெட் வாசலில் நின்று பார்த்தாள். அவளுக்கு அந்தக் கறுப்புச் சாமான் பிடிக்கவில்லை.

"போத்தல் எண்டால் ஒண்டு குறைஞ்சாலும் எனக்குத் தெரியும். உதுக்குள்ள குறையிறது ஆற்ர கண்ணுக்குத் தெரியப்போகுது?"

"உதில பிரஷர் இருக்கு, கௌரி. ஆராவது கை வைச்சால் எனக்கு உடன விளங்கும். ஷெட்டுக்குப் பூட்டும் போடுறன். திறப்பு என்னட்டைத்தான் இருக்கும்."

"அவன் இன்னொருக்கா விழுந்தால் எழும்பமாட்டான். திறப்பை ஆரிட்டயும் குடுக்கமாட்டன் எண்டு சொல்லுங்கோ."

"குடுக்கமாட்டன்."

அவள் அவருடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள். போத்தல்கள் எல்லாம் கவுன்சில் குப்பைப் பெட்டிக்குப் போயின.

முதல் கெக் அமோகமாக வந்தது. தெளிந்த பொன்நிறம், மேலே வெண்ணுரை, வாயில் ஒரு சின்னக் கசப்பு. வந்து குடித்தவர்கள் அவர் கண்முன்னால், அவர் ஊற்றிக் கொடுத்த அளவைத்தான் குடித்தார்கள். சற்குணம் பல மாதங்களுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் இடியப்பமும் சொதியும் வயிறாரச் சாப்பிட்டார். இரண்டாவது கெக்கை ஐப்பசியில் நிரப்பினார்.

அதை நிரப்பி நாலைந்து நாளில் கந்தசஷ்டி வந்தது. சற்குணம் மற்ற நாட்களில் கடவுளைத் தொந்தரவு செய்வதில்லை, கடவுளும் அவரைத் தொந்தரவு செய்வதில்லை. ஆனால் சஷ்டி ஆறு நாளும் விரதம். ஒருநேரச் சாப்பாடு, பின்னேரம் கோயில். அந்த நாட்களில் மச்சம் மாமிசம் தொடாதவர் பியர் இருக்கிற இடத்தை மிதிப்பாரா? ஷெட்டின் பூட்டில் கை வைத்துவிட்டு வந்து சாமியறையில் விளக்கேற்ற அவருக்கு மனம் இடம் கொடுக்காது. அது அவருடைய சுத்தத்தின் இன்னொரு கிளை.

கெக்கோ புதிதாக நிரப்பியது. உள்ளே சீனி நொதித்துக் கேஸ் ஏறுகிற நேரம். மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் கேஸ் கசிந்து முழுவதும் சப்பென்று போய்விடும். தினமும் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். அவர் போகக்கூடாது, ஜெயகௌரி போகவே கூடாது, அவள் ஆறு நாளும் பால் பழத்தோடு மட்டும் விரதம் இருக்கிற ஆள். அந்த வீட்டில் விரதம் இல்லாத ஒரே மனிதன் ரதீசன். மருந்து எடுப்பவன் பட்டினி கிடக்கக்கூடாது என்று அக்காவே அவனுக்கு விலக்குக் கொடுத்திருந்தாள். விரதகாரன் தொடக்கூடாது, விரதம் இல்லாதவன் தொடலாம். சற்குணத்தின் மூளை அந்த வாய்ப்பாட்டில் போய் நின்றது, அதற்கு அப்பால் நகரவில்லை. இவ்வளவு மடைத்தனத்துக்கு அவ்வளவு பக்தி தேவைப்பட்டது.

சஷ்டி முதல்நாள் காலையில், ஜெயகௌரி குளித்துக்கொண்டிருந்த நேரத்தில், திறப்பைக் கழற்றி அவனிடம் நீட்டினார்.

"என்னட்டையோ, அத்தான்?" என்று ரதீசன் கேட்டான். கையை உடனே நீட்டவில்லை.

"நீ இப்ப எவ்வளவோ திருந்திட்டாய். குழாயைத் தொடாதை. மூடியில காதை வைச்சு, சீறிற சத்தம் கேக்குதோ எண்டு மட்டும் பார். அக்காவிட்டச் சொல்லாதை, சும்மா பயப்பிடுவாள்."

அவன் திறப்பை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டான். ஒவ்வொரு பின்னேரமும் சற்குணம் கோயிலுக்குப் புறப்படும்போது, "சத்தமில்லை அத்தான், எல்லாம் ஓகே" என்று சொன்னான். அவர் திருநீற்றைப் பூசிக்கொண்டு நிம்மதியாகப் போனார்.

சூரன்போர் முடிந்தது. மறுநாள் பாரணை முடித்து, சனிக்கிழமை பின்னேரம் சற்குணம் ஒரு கிளாஸை நன்றாகத் துடைத்து எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். குழாயைத் திறந்தார். பியர் வரவில்லை, ஒழுகியது. நுரை இல்லை. நிறம் இரண்டாந்தரம் வடித்த தேத்தண்ணீர்ச் சாயம். ஒரு வாய் வைத்தார், புல்லில் துப்பினார்.

"சீ, மூத்திரம் மாதிரிக் கிடக்கு."

கேஸ் கசிந்திருக்கிறது என்று உடனே முடிவு கட்டினார். மூடிக்கு அடியில் இருக்கிற ரப்பர் வளையத்தில் குற்றம் கண்டுபிடித்தார். புது வளையம் வாங்கிப் போட்டார். வாஸ்லின் தடவினார். இரண்டு குப்பி கேஸ் ஏற்றினார். கெக் விற்ற கடைக்காரனுக்குத் தொலைபேசி எடுத்து அரைமணி நேரம் வாய்க்கு வந்தபடி பேசினார். அவர் குனிந்து மூடியைத் திருகும்போதெல்லாம் ரதீசன் பக்கத்தில் நின்று டோர்ச் பிடித்தான். டோர்ச் வெளிச்சம் கொஞ்சம் ஆடியது. "நேராப் பிடி" என்று இரண்டுமுறை அதட்டினார். திறப்பைத் திருப்பி வாங்கவேண்டும் என்பது அவருடைய நினைவிலேயே இல்லை. கேஸை இனியும் தினம் பார்க்க ஆள் வேண்டுமே.

அந்தக் கிழமை முழுவதும் அவருக்கு வேறு பேச்சு இல்லை. கெக் என்பதே ஏமாற்று, கறுப்பாகச் செய்வது ஊழலை மறைக்கத்தான் என்றார். ஜெயகௌரி காய் வெட்டிக்கொண்டே கேட்டாள்.

"ரதீசன்ர கண்ணைப் பாத்தனீங்களோ? திரும்ப மஞ்சளிக்கிற மாதிரிக் கிடக்கு."

"மருந்தின்ர வேலையாயிருக்கும். அந்த ரப்பர் வளையம் சைனாச் சாமான், கௌரி. அதுதான் பிழை."

"சாப்பாடும் குறைஞ்சிட்டுது. ஜீபி டாக்டருக்குப் போன் அடிச்சனான், வாற கிழமைதான் இடமிருக்காம்."

"பாப்பம்" என்றார் சற்குணம். அவர் வளையத்தைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி திறந்தார். இந்தமுறை கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகவே முடியவில்லை. காடி மணந்தது. மேலே மெல்லிய வெள்ளை ஆடை மிதந்தது. ஆடைக்குக் கீழே நிறம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஜெர்மனியில் குழாயும் பீப்பாயும் கழுவிப் பழகிய கைகளின் பியரில் பூஞ்சணம். சற்குணம் வேலியைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. இனி இந்த வீட்டில் பியரும் இல்லை, கெக்கும் இல்லை என்று சத்தம் போட்டார்.

"நீங்கள் வேலைக்குப் போட்டு வாங்கோ, அத்தான். நான் ஊத்திக் கழுவி வைக்கிறன்" என்றான் ரதீசன்.

"வடிகானுக்குள்ள ஊத்து. புல்லில ஊத்தாதை, புல்லுச் செத்துப்போம்."

அன்று கோலியர்ஸ் வுட்டில் ஒரு கடையின் உறைபெட்டி நின்றுபோயிருந்தது. ஜெயகௌரி காலையிலேயே முதியோர் இல்லத்து ஷிப்டுக்குப் போய்விட்டாள். சற்குணம் வானை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். பாதி வழியில், கேஸ் அளக்கிற மானியை ஷெட்டில் வைத்துவிட்டு வந்தது தெரிந்தது. தன்னையே திட்டிக்கொண்டு வண்டியைத் திருப்பினார்.

ஷெட் கதவு கால்வாசி திறந்திருந்தது. உள்ளே கெக் ஒரு பழைய கதிரையின் மேல் முன்பக்கம் சரிய வைக்கப்பட்டிருந்தது, அடியில் கிடக்கிற மண்டியும் குழாய்க்கு வரும்படியாக. அதற்குக் கீழே ரதீசன் தரையில் இருந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் குவளை. குவளைக்குள் சேற்று நிறத்தில் கட்டி கட்டியாக ஏதோ. அவன் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அதைக் குடித்தான். குடித்து முடித்து, உடம்பை ஒருமுறை உலுக்கிவிட்டு, திரும்பவும் குழாயடியில் குவளையைப் பிடித்தான். பிறகுதான் வாசலில் நின்றவரைக் கண்டான்.

"ஊத்திக்கொண்டுதான் இருக்கிறன், அத்தான்."

சற்குணம் குவளைக்குள் எட்டிப் பார்த்தார். தான் ஒரு சொட்டை நாக்கில் வைக்க மாட்டாமல் வேலியைப் பிடித்து ஓங்கரித்த அதே சாமான்.

"உதையோ குடிக்கிறாய்? உதையோடா?"

"வேற இல்லை, அத்தான்."

"தண்ணி விட்டது நீயோ?"

ரதீசன் குவளையைக் கீழே வைத்தான். "முதல்நாள் ஒரு குவளைதான் எடுத்தனான். பாரம் குறைஞ்சால் உங்களுக்குத் தெரிஞ்சுபோம் எண்டு மூடியைக் கழட்டித் தண்ணி விட்டன். பிறகு ஒவ்வொரு நாளும். நீங்கள் கோயிலால வாறதுக்குள்ள."

சற்குணம் அவனுடைய முகத்தை அன்றுதான் பார்த்தார். இவ்வளவு நாளும் டோர்ச் பிடித்த கையைப் பார்த்தார், ரப்பர் வளையத்தைப் பார்த்தார், பியரின் நிறத்தைப் பார்த்தார். கண் இரண்டும் மஞ்சள். கன்னம் உள்ளே போயிருந்தது. சட்டைக்குள் வயிறு மறுபடி முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. இதைப் பார்க்கச் சொல்லித்தானே அவள் காய் வெட்டிக்கொண்டே கேட்டாள். சற்குணத்துக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. எந்தப் போத்தலுக்குள்ளும் இப்படி ஒன்றை அவர் கண்டதில்லை.

"எழும்பு. ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"அக்காவுக்கு..."

"எழும்படா."

அக்குளுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கி வானில் ஏற்றினார். மூட்டைபோல் கனப்பான் என்று நினைத்துத் தூக்கியவருக்குக் கை மேலே வந்துவிட்டது, அவ்வளவு இலேசாக இருந்தான். தெருமுனையில் திரும்பும்போதே ஜெயகௌரிக்கு அழைத்தார். அவளுடைய குரல் வானுக்குள் கேட்டது.

"என்ன, வேலைக்குப் போகேல்லையோ?"

"கௌரி, ரதீசன் குடிச்சுப்போட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறன்."

"எங்க குடிச்சவன்? ஆர் குடுத்தது?"

"நான்தான். சஷ்டிக்குத் திறப்பை அவனிட்டக் குடுத்தனான்."

மறுபக்கத்தில் யாரோ ஒரு முதியவர் தண்ணீர் கேட்பது மட்டும் தூரத்தில் கேட்டது. பிறகு அவள், "நான் வாறன். வழியில நிப்பாட்டாதேங்கோ" என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தாள். அவள் அழுதிருந்தால், திட்டியிருந்தால், அவருக்கு மூச்சு விட ஒரு வழி கிடைத்திருக்கும்.

பிரதான வீதியில் சிவப்பு விளக்கு விழுந்தது. வானுக்குள் வழக்கம்போல எலுமிச்சை வாசம். ஆசனங்கள் துடைத்துப் பளபளத்தன. கீழே ஒரு துண்டுத் துணி இல்லை, ஒரு பை இல்லை, குப்பை என்று ஒன்றையும் அவர் வண்டியில் வைத்திருப்பதில்லை.

"அத்தான், சத்தி வருது" என்றான் ரதீசன். சொல்லிவிட்டு, எங்கே எடுப்பது என்று தெரியாமல் அந்தச் சுத்தமான வண்டியைச் சுற்றிப் பார்த்தான். கதவைத் திறக்கத் தடவினான். பிடி அகப்படவில்லை. வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு அவரைப் பார்த்தான். கண்ணில் இருந்தது பயம், வண்டி அழுக்காகிவிடும் என்ற பயம்.

சற்குணம் கையிரண்டையும் சேர்த்து அவனுடைய வாய்க்கும் நாடிக்கும் கீழே ஏந்தினார்.

"எடு. இதுக்குள்ள எடு."

அது சூடாக வந்தது. மண்டி, புளிப்பு, நடுவே கறுத்த சிவப்பில் இழை இழையாக இரத்தம். அவருடைய பியர்தான் மணந்தது. விரலிடுக்கால் வழிந்து சட்டைக் கைக்குள் இறங்கியது. அவர் முகத்தைத் திருப்பினார், கையை எடுக்கவில்லை.

விளக்கு பச்சையானது. பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். இரண்டு கையும் நிறைந்திருந்ததால் அவரால் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியவில்லை.